தீபாவளி முடிந்து சங்குல் (மண்வெட்டி) எடுத்தால் பொங்கலுக்குக் காய் பறிக்கலாமா?

தீபாவளி வேலையெல்லாம் ஓய்ந்து, நவம்பர் நடுவில்தான் பலருக்கும் அந்த எண்ணம் வரும்: வீட்டுக்குப் பின்னால் நிலம் சும்மா கிடக்கிறதே, நாலு காய்கறி போட்டால் என்ன? அதற்குள் மழை இறங்கியிருக்கும். பக்கத்து வீட்டில் பயித்தங்காய்க் கொடி கம்பத்தின் உச்சியைத் தொட்டிருக்கும். நாம் பிந்திவிட்டோம் என்று தோன்றும்.

பிந்தியது உண்மைதான். ஆனால் நம் மலேசியாவில் வெயில் தீர்ந்துபோவதில்லை. ஆண்டு முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரப் பகல். பிந்தி நடுகிறவருக்குச் சிக்கல் தண்ணீரால்தான் வருகிறது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் பக்கத்துத் தோட்டப்புற ஊர்களில் அக்டோபர், நவம்பரில் மழை உச்சத்தில் இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் குறையும். கெடாவில் அந்த இரண்டு மாதமும் நன்றாகவே காயும். ஆகவே நவம்பரில் நடுகிற செடி, குழந்தைப் பருவத்தில் வெள்ளத்தையும் காய்க்கிற பருவத்தில் வறட்சியையும் பார்க்கும். பாத்தியை இந்த இரண்டுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டால் பிந்திய நாள்களைப் பெருமளவு மீட்டுவிடலாம். கிழக்குக் கரைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. கிளந்தான், திரெங்கானுவில் நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ளக்காலம். அங்கே பிப்ரவரி வரை பொறுப்பது நல்லது.

கீழே உள்ளது நவம்பர் 15-ஐ முதல் நாளாக வைத்துப் போட்ட கணக்கு. அங்கிருந்து பொங்கலுக்கு ஏறக்குறைய 60 நாள்.

எதைப் போடலாம், எதை விட்டுவிடலாம்

முதலில் ஆசையைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். பொங்கலுக்குப் பூசணி வேண்டும் என்று இப்போது விதைத்தால் முடியாது, அதற்கு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். மஞ்சள், இஞ்சி 8, 9 மாதப் பயிர். தக்காளியைத் தாழ்நிலத்தில் புதியவர்கள் தொடவே வேண்டாம். இரவு வெக்கையில் பூ உதிரும், மழையில் வாடல் நோய் வரும். கேமரன் மலையில் அது நன்றாக வருகிறதென்றால் அங்குள்ள குளிர் அப்படி.

60 நாளுக்குள் கைக்கு வருபவை இவை. கங்கோங் 25 முதல் 28 நாள். தண்டுக்கீரை 25 முதல் 30 நாள். சாவிக்கீரை 30 முதல் 35 நாள். வெள்ளரி 40 நாளில் முதல் காய். பயித்தங்காய் 45 முதல் 50 நாள். வெண்டை 45 முதல் 50 நாள். பீர்க்கங்காய் 50 நாளை ஒட்டி வரும். பாகற்காய் சிரமப்பட்டு 60.

கத்தரியையும் மிளகாயையும் விதையிலிருந்து தொடங்க நேரமில்லை. காலைப் பாசாரில் (சந்தையில்) நாற்றாக வாங்கி நடுங்கள். அப்படி நட்டாலும் கத்தரி ஜனவரிக் கடைசியிலும், மிளகாய் தைப்பூசத்தை ஒட்டியும்தான் காய்க்கும். நாற்று வாங்கும்போது உயரமானதைத் தேடாதீர்கள். கட்டையாக, தண்டு தடித்து, இன்னும் பூக்காமல் இருப்பதே நல்ல நாற்று. இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பூச்சியோ பிசுபிசுப்போ இருந்தால் வேண்டாம்.

விதையே தேவைப்படாத சில கீரைகளும் உண்டு, பிந்தியவருக்கு அவைதான் பெரிய கைகொடுப்பு. பசலை, பொன்னாங்கண்ணி, புதினா, சர்க்கரைவள்ளி இலை எல்லாம் தண்டு ஒடித்து நட்டாலே வரும். பாசாரில் சமைக்க வாங்கிய கட்டிலிருந்தே முற்றின தண்டாகப் பார்த்து எடுங்கள். ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. அடியில் இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும், கீழ் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். மழை நாளில் பத்துக்கு எட்டு பிழைத்துவிடும். மூன்று, நான்கு வாரத்தில் நுனி கிள்ளலாம்.

இடமும் மண்ணும்

ஒரு நாளைக்கு 5, 6 மணி நேர வெயில் விழும் இடம் வேண்டும். செம்பனை வரிசைக்கு அருகில் போட்டால் நிழல் ஒரு தொல்லை, வேர் அதைவிடப் பெரிய தொல்லை. உரம் போட்ட பாத்தியை அந்த வேர் சில மாதத்தில் பின்னிவிடும். 4, 5 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். நிலம் தோட்டத்துக்கோ வேறு யாருக்கோ சொந்தமென்றால் வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மண்ணைப் பார்க்க எளிய சோதனை: ஓர் அடி ஆழத்தில் குழி வெட்டி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணியில் காணாமல் போனால் மணல்பாங்கு. நாலு மணி நேரம் கழித்தும் நின்றால் களி. கம்பார், பத்து காஜா பக்கத்து ஈயச் சுரங்க மணலில் தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. அங்கே மக்கிய சாணத்தை இரண்டு மடங்காகப் போட வேண்டும். கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் பக்கத்துக் கடலோரக் களியில் சத்து இருக்கும், தண்ணீர்தான் வடியாது. அங்கே பாத்தியை இன்னும் அரை அடி உயர்த்த வேண்டும். சுங்கை சிப்புட், பீடோர் போன்ற உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் புளிப்பு மண். சுற்றிலும் ஊதாப்பூ பூக்கும் செண்டுடுக் செடி தானாக முளைத்திருந்தால் மண் புளித்தது என்பதற்கு நல்ல அடையாளம். அந்த மண்ணில் உரம் போட்டும் செடி வளராமல் நிற்பதற்குக் காரணம், வேரால் சத்தை எடுக்க முடியாததுதான். சுண்ணாம்பு கட்டாயம் வேண்டும்.

லாலாங் புல் இருந்தால் வெட்டிப் போட்டு ஏமாறாதீர்கள். மண்ணுக்குள் வெள்ளையாக, ஊசி முனையோடு ஓடும் கிழங்குவேரைச் சங்குலால் கிளறிக் கையால் பொறுக்க வேண்டும். சங்குல் அதைத் துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும். பொறுக்கியதைக் குப்பைக் குழியில் போடாமல் வெயிலில் காய வைத்து அழியுங்கள்.

களைக்கொல்லி அடித்துச் சுருக்கமாக முடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். தோட்டத்து ஸ்டோரிலிருந்து வந்த பெயர் ஒட்டாத புட்டியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. பழைய மிச்சம் எங்காவது இருந்தால் சாப்பிடும் பாத்திக்கு அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். மருந்து வந்த காலி டிரம்மில் தண்ணீர் பிடிக்கவும் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது தண்ணீர் டிரம் ஆகாது.

முதல் நாள் முதல் பத்தாம் நாள் வரை

பாத்தி 4 அடி அகலம், 10 அடி நீளம், ஓர் அடி உயரம். 4 அடிக்கு மேல் அகலம் வைத்தால் நடுவில் கை எட்டாது, ஏறி மிதிப்பீர்கள், மண் இறுகும். பாத்திகளுக்கு நடுவே ஓர் அடி வாய்க்கால். அது ஏதாவது ஒரு பள்ளத்தில் போய் முடிய வேண்டும். புதியவர்கள் வாய்க்கால் வெட்டுவார்கள், வெளியேறும் வாயை மறந்துவிடுவார்கள். பிறகு வாய்க்காலே குளமாகி, பாத்தியின் அடியில் தண்ணீர் ஊறி நிற்கும். முடிந்தால் பாத்தியைக் கிழக்கு மேற்காகப் போட்டு, கொடிப் பந்தலை வடக்கு ஓரத்தில் நடுங்கள். டிசம்பரில் உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே விழும். பந்தல் தெற்கில் இருந்தால் வெண்டை நிழலில் நின்று இளைக்கும்.

இந்த அளவுப் பாத்திக்கு டோலமைட் சுண்ணாம்புத் தூள் ஒரு கிலோ. முதல் நாளே தூவி, ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறிவிடுங்கள். இரண்டு வாரம் பொறுத்தால் நல்லது. பிந்தியவருக்கு ஒரு வாரம் போதும். எரு ஏழாம் நாளில்தான்: மூட்டையில் வரும் பதப்படுத்திய கோழி எரு 4 கிலோ, இல்லாவிட்டால் நன்றாக மக்கிய மாட்டுச்சாணம் 12 கிலோ. சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் கலக்கக் கூடாது. மூக்கைத் துளைக்கும் காரவாடை எழும். அந்த வாடையாகப் போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து. பச்சைச் சாணமும் ஆகாது. சூட்டில் வேர் வெந்துபோகும்.

இந்தப் பத்து நாளும் வீணாகக் கூடாது. பிந்தி நடுவதில் உண்மையான மீட்பு இங்கேதான் இருக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் வேலை செய்கிற நேரத்தில் வெண்டை, பயித்தங்காய், வெள்ளரி விதைகள் தாழ்வாரத்தில் காகிதக் குவளையில் வளரட்டும்.

நாளிதழ்த் தாள் ஒன்றை நீளவாக்கில் மடியுங்கள். பால் டின் ஒன்றைப் படுக்க வைத்து, டின்னின் அடிப்பக்கத்துக்கு வெளியே இரண்டு அங்குலம் தாள் நீட்டிக்கொண்டிருக்கும்படி சுற்றுங்கள். நீண்ட பகுதியை உள்நோக்கி மடித்து, டின்னை நிமிர்த்தித் தரையில் அழுத்துங்கள். டின்னை உருவினால் குவளை நிற்கும். மேல்மண் 3 பங்கு, மக்கிய எரு 2 பங்கு, மணல் 1 பங்கு கலந்து நிரப்புங்கள். குவளைகளை ஒரு தட்டில் ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கினால் நனைந்த தாள் சரியாது.

வெண்டை விதையை இரவு முழுக்க ஊற வைத்து, காலையில் குவளைக்கு இரண்டாக, ஓர் அங்குல ஆழத்தில் போடுங்கள். பயித்தங்காயையும் வெள்ளரியையும் ஊற வைக்காமலே போடலாம். மழை ஈரத்தில் ஊறிய பயற்று விதை சீக்கிரம் அழுகும். தட்டை மழை படாத, ஆனால் வெளிச்சம் நன்றாக விழும் ஓரத்தில் வையுங்கள். இருட்டுத் தாழ்வாரத்தில் வைத்தால் மூன்றே நாளில் வெளுத்த நூல் மாதிரி நீண்டு விழும், அந்த நாற்று தேறாது. முளைத்ததும் இரண்டில் மெலிந்ததைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும்.

நடவு

முளையிலைக்குப் பிறகு வரும் உண்மை இலை இரண்டு விரிந்ததும், பத்து பன்னிரண்டாம் நாளில், மாலை மழை ஓய்ந்த பிறகு நடுங்கள். காகிதத்தோடு அப்படியே குழியில் இறக்கலாம். ஒன்றில் மட்டும் கவனம்: தாளின் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த விளிம்பு விளக்குத் திரி மாதிரி ஈரத்தை மேலே இழுத்துக் காற்றில் விட்டுவிடும், சுற்றிலும் மண் ஈரமாக இருக்கும்போதே வேர்ப்பந்து காயும். மேல் விளிம்பைக் கிழித்துவிட்டு முழுக்க மூடுங்கள்.

வடக்கு ஓரத்தில் பயித்தங்காய், ஓர் அடிக்கு ஒன்று. 6, 7 அடி உயரக் கம்பு வேண்டும். மூங்கில் நல்லது. மரவள்ளிக் கம்பை நட்டால் அதுவே துளிர்த்துப் பாத்தியைப் பங்கு கேட்கும். தெற்கு ஓரத்தில் வெண்டை, ஒன்றரை அடிக்கு ஒன்று. பாத்தியின் ஒரு முனையில் வெள்ளரி மூன்று.

இரண்டாவது பாத்தி கீரைக்கு. கங்கோங் விதையை இரவு ஊற வைத்து, மிதப்பதை எறிந்துவிட்டு, 4 முதல் 6 அங்குல இடைவெளியில் குழிக்கு 2, 3 விதை. தண்டுக்கீரை, சாவி விதைகள் மிகச் சிறியவை. ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு உலர்ந்த மணல் கலந்து, அரை அடிக்கு ஒரு கோடு கீறி அதில் தூவுங்கள். ஓரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவினால் எறும்பு விதையை இழுத்துப் போவது குறையும். மேலே ஒன்றரை அடி உயரத்தில் கறுப்பு ஜாரிங் வலையை முதல் பத்து நாள் கட்டிவிடுங்கள். பிற்பகல் மூன்று மணி இடிமழை நேரே விழுந்தால் விதை ஒரு மூலைக்கு அடித்துப் போகும், அல்லது மண்ணுக்குள் புதையும். பத்து நாளுக்கு மேல் வலை இருந்தால் கீரை நோஞ்சானாகும், மறக்காமல் கழற்றுங்கள்.

கங்கோங்கையும் தண்டுக்கீரையையும் ஒரே நாளில் மொத்தமாக விதைக்காதீர்கள். பாதியை இன்று, மீதியைப் பத்து நாள் கழித்து. இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் இருபது கட்டு கையில் நிற்கும், அடுத்த வாரம் ஒன்றும் இருக்காது.

கத்தரி, மிளகாய் நாற்றுகளை 16 அங்குலப் போலிபேக்கில் (பிளாஸ்டிக் நடவுப் பையில்), அதே 3:2:1 கலவையில் நட்டுவிடுவதே பாதுகாப்பு. ஏன் என்று அடுத்து.

என்ன கெடும், ஏன் கெடும்

நேற்று வரை பச்சையாக நின்ற மிளகாய்ச் செடி மதியம் தொங்கும், மாலையில் தேறும், மறுநாள் தேறாது. இலை மஞ்சளாகவே இல்லையென்றால் அது பாக்டீரியா வாடலாக இருக்கலாம். உறுதி செய்ய ஒரு கண்ணாடிக் குவளை போதும். வேருக்குச் சற்று மேலே தண்டை வெட்டி, விரல் நீளத் துண்டின் வெட்டு முனை மட்டும் தண்ணீரைத் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக ஒன்று கீழ்நோக்கி இறங்கினால் அதுதான். மருந்து கிடையாது. செடியை வேரோடு, சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். அந்த இடத்தில் கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் கூடாது. கங்கோங் போடலாம். இந்தக் கிருமி மண்ணில் இருக்கும், மழைத்தண்ணீரோடு ஓடும். வேறு இடத்து நல்ல மண் நிரப்பிய போலிபேக்கைச் செங்கல் மேல் தூக்கி வைக்கச் சொல்வது அதனால்தான்.

மழை வாரத்தில் செடி மஞ்சளானால் கை உரமூட்டைக்குப் போகும். முதலில் வாய்க்காலைப் பாருங்கள். பெரும்பாலும் வேருக்குக் காற்று இல்லாமல்தான் மஞ்சளாகிறது. அந்த நேரத்தில் உரம் போட்டால் பாதி ஓடும், மீதி வேரைச் சுடும். உரத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுவதே மழைக்காலத்துக்கு ஏற்றது. கீரைப் பாத்திக்கு, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் கலந்த பச்சை என்பிகே உரம் 15:15:15, பத்தாம் நாள் நாலு மேசைக்கரண்டி, இருபதாம் நாள் நாலு. கோடுகளுக்கு நடுவே தூவி மண்ணோடு கிளறுங்கள், இலையில் ஒட்டினால் கரியும். காய்ச் செடிகளுக்கு முதலில் பச்சை, பூ வந்ததும் நீல என்பிகே 12:12:17. செடிக்கு ஒரு தேக்கரண்டி, பத்து நாளைக்கு ஒரு முறை, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி.

முளைத்த கீரை தரைமட்டத்தில் நீர்கோர்த்துச் சாய்ந்தால் நெருக்கமாக விதைத்ததும் ஈரமும் காரணம். சில செடிகளைப் பிடுங்கி நெருக்கத்தைக் கலைத்துவிடுங்கள், காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். கங்கோங் இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் கண்டால் அதுவும் ஈரத்தின் நோயே; அந்த இலைகளைப் பறித்து அகற்றி, மீதியை இரண்டு நாள் முன்னதாகவே அறுத்துவிடலாம்.

பயித்தங்காய் நாற்று இரண்டு வாரத்தில் வாடினால் தண்டின் அடியைக் கீறிப் பாருங்கள். வீங்கி வெடித்திருக்கும், தோலுக்குள் சிறு பழுப்புக் கூடு தெரியும். தண்டு ஈயின் வேலை. செத்ததைப் பிடுங்கிவிட்டு, மற்றவற்றின் அடியில் இரண்டு அங்குலம் மண் அணையுங்கள். தண்டு புதுவேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். கொழுந்தில் கறுப்பு அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர், சில துளி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும். பீர்க்கங்காயும் பாகற்காயும் விரல் நீளம் வந்த உடனே காகிதப்பை மாட்ட வேண்டும். பழ ஈ முட்டையிட்ட பிறகு மாட்டிப் பயனில்லை.

மழைக்கால நத்தைக்கு மருந்து தேட வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்து, கையுறை போட்டு, உப்புத் தண்ணீர் வாளியில் பொறுக்கிப் போடுங்கள். நாலு இரவு தொடர்ந்து செய்தால் எண்ணிக்கை கண்கூடாகக் குறையும். வெறுங்கையால் தொடாதீர்கள், அதில் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். நத்தை ஊர்ந்த கீரையை நன்றாகக் கழுவி வேக வைத்தே சாப்பிடுங்கள். ஊர்க் கோழிக்கும் அவிழ்த்துவிட்ட மாட்டுக்கும் வேலியை நடவுக்கு முந்தின நாளே கட்டுங்கள். புதிதாகக் கிளறிய மண்ணைக் கோழி ஒரே காலையில் முடித்துவிடும்.

ஜனவரியில் திரும்பும் வானம்

டிசம்பர் கடைசி வாரத்திலேயே மூடாக்குப் போடுங்கள், மண் ஈரமாக இருக்கும்போதே. காய்ந்த புல் இரண்டு அங்குலம், தண்டைத் தொடாமல். ஆலையில் செம்பனைப் பழம் உதிர்த்த பிறகு மிஞ்சும் வெற்றுக் குலை கிடைத்தால் நல்ல மூடாக்கு. அதை ஒரே அடுக்காக மட்டும் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு உள்ளே முட்டையிடும், பக்கத்துத் தென்னைக்கும் செம்பனைக்கும் கேடு.

மழை நின்ற நாளில் ஒரு பாத்திக்கு 10 லிட்டர் வாளியில் இரண்டு வாளி, காலையில். கடும் வெயிலென்றால் மாலையில் இன்னும் ஒன்று. தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மை நெருக்கமான வலையால் கட்டி மூடுங்கள். கீரை வளர்க்கப் போய் ஏடிஸ் கொசு வளர்க்க வேண்டாம்.

வெள்ளரி ஜனவரிக்கு முன்பே வரும். பயித்தங்காயும் வெண்டையும் முதல் வாரத்தில் தொடங்கிவிடும். வெண்டையை நாலு அங்குலத்தில், இரண்டு நாளுக்கு ஒரு முறை பறியுங்கள். நுனி விரலில் படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றியது. பயித்தங்காயில் பயறு புடைத்துத் தெரியும் முன்பே பறித்தால் கொடி மறுபடி பூக்கும்.

போகிக்கு முன் நன்றாகக் காய்த்த வெண்டைச் செடி ஒன்றில் இரண்டு காயைப் பறிக்காமல் விட்டு, சிவப்பு நூல் கட்டி வையுங்கள். செடியிலேயே காய்ந்து, ஆட்டினால் சலசலவென்று கேட்கும்போது பறித்து, உரித்து, மைலோ டின்னில் போட்டு மூடிவிடலாம். வீரிய ஒட்டு விதையாக வாங்கியிருந்தால் இதைச் செய்ய வேண்டாம், அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. டின்னில் சேர்த்த விதையை மார்ச் கடைசியில், ஏப்ரல் மழைக்கு முன்னால் போடுங்கள். அப்போது காகிதக் குவளை தேவைப்படாது, நேரே பாத்தியிலேயே விதைக்கலாம்.